பொன்னுரங்கம் காத்த தாங்கல்

வேலன் தாங்கலைக் காப்பாற்றியவர் பொன்னுரங்கம்தான் என்பது பீர்க்கன்கரணையில் அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் யாராவது புதிதாகக் குடிவந்தால், பால் காய்ச்சிய ஈரம் காய்வதற்குள் அவரே போய்ச் சொல்லிவிடுவார். 1995-ம் வருஷம், அந்தக் குட்டி ஏரியைத் தூர்த்துவிட இடிபாடுகளை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. பொன்னுரங்கம் ஒற்றை ஆளாகப் போய் நின்றார். வலது கையைத் தூக்கினார். லாரி நின்றது. தாங்கல் பிழைத்தது. அவ்வளவுதான் கதை. ஆனால் அவர் சொல்லும்போது முக்கால் மணி நேரம் ஆகும்.

சாட்சிக்கு வீடியோவும் உண்டு. மச்சான் தீனா துபாயிலிருந்து லீவில் வந்தபோது தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த கேமராவில் எடுத்தது. தீனா கேமராவோடு திரும்பிப் போவதற்குள், பெருங்களத்தூரில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் அதைப் பெரிய வீடியோ கேசட்டில் காப்பி எடுத்து வைத்தார்கள். கல்யாண ஸ்டூடியோக்காரனுக்கு எந்தப் படமும் கல்யாணப் படம்தான். லாரி மறியலுக்கும் அவன் ஒரு காதல் பாட்டைப் பின்னணியில் ஓட்டி, காட்சி மாறும் இடங்களில் எல்லாம் ரோஜா இதழ் உதிரவிட்டிருந்தான். கலங்கிய படத்தில் ஒரு லாரியின் உருவமும், அதை நோக்கிக் கையை நீட்டியபடி ஒரு வெள்ளை வேட்டியும், மேலே கொட்டும் ரோஜாவும்; அதோடு காட்சி மாறிவிடும். பதினோரு வருஷமாக வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் பஜ்ஜியோடு இது பரிமாறப்பட்டது.

இப்போது 2006. குடியிருப்போர் நலச் சங்கம் தாங்கல் கரையில் கம்பி வேலி போட்டு, நடைபாதை போட்டு, ஒரு கல்வெட்டும் வைக்கத் தீர்மானித்திருந்தது. 'தாங்கல் காத்த செம்மல் பொன்னுரங்கம்' என்று கல்லில் வெட்டக்கூடச் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கட்டடத்தில் பட்டமளிப்பு. அது முடிந்ததும் கரைக்குப் போய்க் கல்வெட்டைத் திறப்பது. ஐம்பத்தெட்டு வயதில், கல்லில் பெயர் வருகிறது என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

சங்கச் செயலாளர் ராஜகோபாலன்தான் அந்தப் பேச்சை எடுத்தார். தணிக்கை அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். இணைப்பு இல்லாத கடிதத்தைப் பார்த்தால் அவருக்கு உடம்புக்கு ஆகாது.

"வீடியோ இருக்குன்னு சொல்வீங்களே சார், அன்னிக்கு பெரிய திரையில போட்டுடலாமே? புதுசா வந்தவங்களும் பாக்கட்டும்" என்றார்.

"ஓ, போடலாமே" என்றார் பொன்னுரங்கம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சந்தேகம் ஏறிவிட்டது. இந்த ஆள் எதற்குப் பார்க்கவேண்டும் என்கிறான்? பதினோரு வருஷம் நம்பியவனுக்கு இப்போது மட்டும் என்ன அரிப்பு? சங்கத் தலைவர் பதவிக்குக் குறி வைக்கிறானா?

கேசட்டைப் போட்டுப் பார்த்தார். பூஞ்சை பிடித்துப் படம் முழுக்கக் கோடு கோடாக ஓடியது. வேட்டி தெரிந்தது, ஆள் தெரியவில்லை. இதைத் திரையில் போட்டால் அது யார் வேட்டி என்று ராஜகோபாலன் கேட்பான். நிச்சயம் கேட்பான்.

அப்படித்தான் அவர் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் மாடியில் இருந்த அமீருதீன் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு காலத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட கடை. பிறகு சிடி. இப்போது வாசலில், 'பழைய கேசட்டுகள் டிவிடியாக மாற்றித் தரப்படும் – தெளிவுக்கு உத்தரவாதம்' என்று போர்டு. உத்தரவாதம் என்ற சொல்லைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

அமீருதீன் கேசட்டின் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுலேர்ந்து எடுத்தா ஒண்ணும் தேறாது சார். காப்பி இது. ஒரிஜினல் கீதா? கேமராக்குள்ள போடுவாங்களே, சின்ன கேசட்டு?"

"ஒரிஜினல் எதுக்கு?"

"படம் நல்லா வரணும்னா அதுலேர்ந்துதான் எடுக்கணும். காப்பி போடச் சொல்லோ பாதி கலரு போயிடும். மீதி, அவன் பூ தூவச் சொல்லோ போயிடுச்சு."

"ஒரிஜினல் கீது" என்றார் பொன்னுரங்கம், குரலைத் தாழ்த்தி. "ஆனா நான் குடுத்துட்டுலாம் போவ மாட்டேன். கூடவே குந்திக்கினு இருப்பேன்."

"தாராளமா குந்துங்க சார். ஃபேன் கீது."

இந்த ஆள் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறான் என்பது வழி நெடுக அவரை அரித்தது.

அசல் கேசட், வீட்டுப் பீரோவின் லாக்கரில், நிலப் பத்திரங்களுக்கு அடியில் இருந்தது. தீனா போன பிறகு அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் கருவி இல்லை. யாரும் பார்த்ததும் இல்லை. பொன்னுரங்கம் அதன் மேல் தன் கையெழுத்தைப் போட்டார். கையெழுத்தை யாரும் போடலாமே என்று தோன்றி, மனைவி சந்திரிகாவின் நகப்பூச்சில் ஓரமாக ஒரு புள்ளியும் வைத்தார்.

"அந்த பாய் இன்னா பண்ணிடப் போறாரு? பாத்தா நல்ல மனுசனாத்தானே தெரியறாரு" என்றாள் சந்திரிகா.

"அதான் எனக்கு இடிக்குது. சும்மா இருக்கறவன் எதுக்கு நல்லவனா தெரியணும்?"

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கடையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது, அலமாரியில் ஒரு மஞ்சள் பை. அதன் மேல் ஒட்டிய தாளில் 'ராஜகோபாலன், பீர்க்கன்கரணை' என்று எழுதியிருந்தது.

"இது இன்னா பாய்?"

"ஒரு சார் குடுத்தாரு. பேரன் பூணூல் கல்யாணம்."

பொன்னுரங்கம் தலையை ஆட்டினார். பூணூல் கல்யாணமாம். தாம்பரத்தில் இத்தனை கடை இருக்க, இந்தக் கடை. இந்த வாரம். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேசட்டை நாசம் பண்ணத்தான் ஏற்பாடு. இனிமேல் கண்ணை இமைக்கக்கூடாது.

அமீருதீன் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, சின்ன கேசட் ஓடும் கருவியின் உள்ளே துடைத்தார்.

"அது இன்னா ஊத்தற?"

"ஹெட்டுல அழுக்கு இருந்தா படத்துல பொரி பொரியா விழும் சார்."

பிறகு கேசட்டைப் போட்டு, படத்தை ஓட்டாமல், கடைசிவரை வேகமாகச் சுற்றவிட்டார். திரும்பவும் முதலுக்குச் சுற்றினார்.

"ஏன் ஓட்டாம சுத்தற? அழிக்கறியா?"

"பதினோரு வருசம் ஒரே இடத்துல சுருட்டிக்கினு கெடந்த டேப்பு சார். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கும். ஒரு வாட்டி இளக்கி வுட்டாத்தான் ஆடாம வரும்."

அடுத்து மஞ்சள் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கறுப்பு ஒயர் ஒன்றைச் சொருகினார். இதில் கலர் தனியாக, வெளிச்சம் தனியாக வரும், ஒன்றோடு ஒன்று கலங்காது என்று விளக்கினார். என் படத்தை எதற்கு இரண்டாகப் பிரிக்கிறாய் என்று பொன்னுரங்கம் கேட்டார். இத்தனைக்கும் அமீருதீன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அதுவும் நல்லதாகப் படவில்லை.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரக் கேசட்டு. ஒரு மணி நேரம்."

"என் பையன் கம்ப்யூட்டர்ல நூறு பாட்டை அஞ்சு நிமிசத்துல காப்பி பண்றான். என்கிட்ட கத வுடாத பாய்."

"அது ஃபைலு சார். இது டேப்பு. ஓடித்தான் வரணும். ஓட ஓடத்தான் கம்ப்யூட்டரு புடிச்சுக்கும்."

"சரி, ஓட்டு. ஆனா ஒண்ணு. குவாலிட்டி கொறையக்கூடாது. இருக்கறதுலயே டாப்பா வெச்சிக்க. பெரிய திரையில என் மூஞ்சில முடி முடியா தெரியணும்."

"இன்ஷா அல்லாஹ், லாரி நம்பர் வரைக்கும் தெரியும் சார்."

படம் ஓடத் தொடங்கியது. முதல் ஆறு நிமிஷம் தீனாவின் கால் கட்டைவிரல். கேமராவை நிறுத்த மறந்துவிட்டான். அடுத்து ஒரு மாங்காய் கிட்டே வந்தது, எட்டப் போனது, மறுபடி கிட்டே வந்தது. துபாயில் உழைத்து வாங்கிய பொருள் என்பதால் தீனா எல்லா பட்டனையும் பயன்படுத்தியிருந்தான். பிறகு பொன்னுரங்கம் கூடத்தில் மதியத் தூக்கம் தூங்கினார். தொப்பை ஏறி இறங்கியது. சின்ன ஸ்பீக்கரிலிருந்து குறட்டை துல்லியமாக வந்தது.

"சத்தமும் வருதா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரிஜினல்ல சத்தம் இருக்கும் சார். அதுக்கு மேலதான் அவன் பாட்டு போட்டுட்டான். தோ, கொசு சத்தம்கூடக் கேக்குது பாருங்க" என்று அமீருதீன் பெருமையாக ஒலியைக் கூட்டினார்.

முப்பத்திரண்டாம் நிமிஷத்தில் தாங்கல் வந்தது. பச்சைத் தண்ணீர், பனைமரம், கரையில் ஒரு நாய். பொன்னுரங்கத்துக்குப் புல்லரித்தது. அப்புறம் லாரி வந்தது. பதினோரு வருஷமாகக் கலங்கலாகவே தெரிந்த லாரி, இப்போது துடைத்து வைத்தது போல வந்து நின்றது. அதன் உடம்பில் எழுத்துகள் தெரிந்தன. பொன்னுரங்கம் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்தார்.

'ஒலி எழுப்பவும்.'

ஒலி எழுப்பச் சொல்வது லாரியின் முன்பக்கத்தில் எழுதுகிற வாசகம் இல்லை. இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு வேறு. அது லாரியின் முதுகு. முதுகைக் காட்டிக்கொண்டு, லாரி தண்ணீரை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. சட்டகத்துக்குள் வெள்ளை வேட்டி நுழைந்தது. வலது கை உயர்ந்தது. எல்லோரும் பார்த்துப் பார்த்துச் சிலிர்த்த அதே கை. ஆனால் விரல்கள் இப்போது தனித்தனியாகத் தெரிந்தன. அவை உள்பக்கமாக மடங்கி மடங்கி எதையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"வா வா வா வா... லெப்டுல ஒடி... இன்னும் வரலாம்... வா வா... ஆங், போதும்! கொட்டு!"

அது பொன்னுரங்கத்தின் குரல். முடி முடியாகத் தெரிந்த முகமும் அவருடையதுதான். செங்கலும் சிமென்ட் கட்டியும் சடசடவென்று தண்ணீரில் சரிந்தன. நாய் ஓடியது.

பொன்னுரங்கத்துக்கு மெல்ல மெல்ல நினைவு வந்தது. தாங்கலுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஏழு மனை இருந்தது. மனைக்குப் போக வழி இல்லை. தண்ணீரின் ஓரத்தில் நாலடி மேடாக்கினால் வழி. தூர்த்ததை நிறுத்தியது அதிகாரிகள்தான், யாரோ மனு போட்டு. ஆனால் கேசட்டை முதல் தடவை வீட்டில் போட்டபோது, சந்திரிகாவின் சித்தப்பா, "அடேங்கப்பா, லாரியவே நிறுத்திட்டியேப்பா!" என்றார். பெரியவர் வாய் நிறையப் பாராட்டும்போது மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று பொன்னுரங்கம் சும்மா இருந்துவிட்டார். இரண்டாம் தடவை யாரோ கேட்டபோது கொஞ்சம் தலையை ஆட்டினார். மூன்றாம் தடவை அவரே சொன்னார். பத்தாவது தடவைக்கு மேல் அது நடந்த விஷயமாகவே ஆகிவிட்டது.

அமீருதீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிக்சர் நல்லா வந்திருக்கு சார்" என்றார்.

"பாய்."

"சொல்லுங்க சார்."

"இவ்ளோ தெளிவா வேணாம்."

"நீங்கதான சார் டாப்புல வெக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்போ வேணான்றேன். அந்தப் பழைய பெரிய கேசட்டுலேர்ந்தே எடுத்துடு. பாட்டோட. பூவோட."

"கோடு கோடா வருமே சார்."

"வரட்டும். இன்னும் ரெண்டு கோடு இருந்தாலும் போடு. இத நிறுத்து. கம்ப்யூட்டர்ல புடிச்சத அழி. என் கண்ணு முன்னால அழி."

அமீருதீன் அழித்தார். கம்ப்யூட்டரில் அழித்தாலும் குப்பைத்தொட்டியில் கிடக்குமாமே என்று பொன்னுரங்கம் கேட்டார். அதையும் காலி செய்தார்.

"வேற எங்கயும் இல்லன்னு சத்தியம் பண்ணு."

"தொழிலுக்கு நான் சத்தியம்லாம் பண்றதில்ல சார். இல்லன்னா இல்ல."

பொன்னுரங்கம் பெரிய கேசட்டை அங்கேயே விட்டுவிட்டு, சின்னதை வாங்கிக்கொண்டு நேரே தாங்கலுக்குப் போனார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு வீசி எறிந்தார். ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்ததால் கேசட் இலைகளுக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டது. தாங்கல் காத்த செம்மல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒரு குச்சியால் அதைக் குத்திக் குத்தி முழுக்கினார்.

கேசட் ஒழிந்தது. பாய் இருக்கிறாரே?

வெள்ளிக்கிழமை இரண்டு முறை போன் பண்ணினார். "அழிச்சிட்டல்ல பாய்?" "உங்க எதுர்லதான சார் அழிச்சேன்?" சனிக்கிழமை, காய்கறி வாங்கும் சாக்கில் மார்க்கெட்டுக்குப் போய், எதிர்ப்பக்கம் நின்று மாடியைப் பார்த்தார். ஜன்னல் வழியே தெரிந்தது: கம்ப்யூட்டர் முன்னால் ராஜகோபாலன். பக்கத்தில் அமீருதீன். ராஜகோபாலன் எதையோ பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். பேரன் பூணூலைப் பார்த்து எந்தத் தாத்தா இப்படிச் சிரிப்பான்? பொன்னுரங்கம் கத்திரிக்காயை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.

ஞாயிறு பத்தரைக்குச் சங்கக் கட்டடத்தில் நூற்றிருபது பேர். ஜன்னல்களில் கறுப்புத் துணி. மேடையில் பொன்னுரங்கம் பட்டுக்கரை வேட்டியில். மகளிர் அணி சந்தன மாலையோடு நின்றது. அதன் தலைவி கன்னியம்மா கையில் விரித்த பொன்னாடை. நடுவில் மேஜை மேல் புரொஜெக்டர், அதன் பக்கத்தில் அமீருதீன். வாடகைக்கு வந்தது கருவி மட்டும் இல்லை, ஆளும்தான். வேண்டாம், வேறு ஆளைப் போடலாம் என்று பொன்னுரங்கம் சொல்லிப் பார்த்தார். "இவர் ரொம்ப நேர்மையான ஆள் சார்" என்று ராஜகோபாலன் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பொன்னுரங்கம் தன் நாற்காலியை மேஜைப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

படம் தொடங்கியது. கோடு கோடாகத் தாங்கல். காதல் பாட்டு. லாரியின் உருவம். உயர்ந்தது கை. கூட்டம் கை தட்டியது. ரோஜா உதிர்ந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் மட்டும் அமீருதீனைப் பார்த்தார்.

அப்போது படம் நின்றது. கை உயர்ந்தபடியே உறைந்து, கட்டம் கட்டமாக உடைந்து, திரை நீலமானது. அமீருதீன் டிவிடியை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஓடவில்லை. குனிந்து பையைத் திறந்து, இன்னொரு டிவிடியை எடுத்தார்.

இன்னொரு டிவிடி.

ராஜகோபாலன் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ காதில் சொன்னார். அமீருதீன் தலையாட்டினார். பொன்னுரங்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மைக்கைப் பிடுங்கினார்.

"போடாத பாய்! அத போடாத!"

கூட்டம் திரும்பியது.

"எனக்குத் தெரியும், நீங்க ரெண்டு பேரும் சேந்துதான் செய்யறீங்க! ஒரிஜினல அழிச்சிட்டேன்னு சொல்லிட்டு வெச்சிக்கினு கீற! போடு, போட்டுக்க! லாரி ரிவர்ஸ்ல வந்தா நான் இன்னா பண்றது? பின்னால பள்ளம். டிரைவர் வுழுந்துடக் கூடாதேன்னுதான் வா வான்னேன். ஒரு மனுசாபிமானம். கொட்டச் சொன்னது நான் இல்ல... சொன்னேன், ஆனா அவன் எப்படியும் கொட்டியிருப்பான்! ஏழு மனைக்கு வழி வேணாமா? என்னமோ ஏரியவே தூர்த்துட்ட மாதிரி! மூணே லோடு! நாலாவது லோடு வந்தப்ப நான் ஊர்லயே இல்ல, திருத்தணி போயிருந்தேன்!"

மைக் ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது. முதல் வரிசையில் சந்திரிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இதற்குள் டிவிடி ஓட ஆரம்பித்திருந்தது. திரையில் அதே கோடுகள், அதே பாட்டு, அதே கலங்கல் வேட்டி. கை உயர்ந்தது, ரோஜா உதிர்ந்தது. யாரும் பார்க்கவில்லை.

"சார், இதுவும் அதே படம்தான் சார். ஒண்ணு மாட்டிக்கினா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு போட்டு எடுத்தாந்தேன்" என்றார் அமீருதீன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தாலாவது பொன்னுரங்கம் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

கன்னியம்மா விரித்த பொன்னாடையை மடிப்புக் கலையாமல் மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். ராஜகோபாலன் மெதுவாக மேடைக்கு வந்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, வெற்றியும் இல்லை; முப்பத்துநாலு வருஷப் பழக்கம் மட்டும் இருந்தது. கையிலிருந்த சங்கக் கூட்டக் குறிப்பு நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"மூணு லோடுன்னே மினிட்ஸ்ல எழுதிக்கலாமா சார்?"